குன்னூரில் 14க்கு 14 கல் அறை: ஓபன் பேஃபிள் சரிப்படுமா, எதை எடுப்பது?

தகரக்கூரை

குன்னூர், பழைய பங்களா வீட்டின் முன்னறை. 14 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. சுவர் ஒன்றரை அடி கனக் கல், சுண்ணாம்புப் பூச்சு. தரை மரப்பலகை, அடியில் காலி. மேலே பலகை சீலிங், அதற்கு மேல் ஜிங்க் ஷீட். வடக்குச் சுவரில் முக்கால்வாசி கண்ணாடி ஜன்னல், கிழக்குச் சுவர் நடுவில் ஃபயர்பிளேஸ், தெற்குச் சுவரின் மூலையில் கதவு. ஸ்பீக்கரை ஜன்னலுக்கு முன்னால்தான் வைக்க முடியும்.

இப்போது இருப்பது போர்ட் வைத்த புக்‌ஷெல்ஃப் ஜோடி. பேஸில் ஒரு ஸ்வரம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. வயலின் மேல் ஸ்தாயி போனால் காது கூசுகிறது. கேட்பது பெரும்பாலும் கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு. வீடு அதிர வைத்துக் கேட்பதில்லை. ஆல்ஃபா 15ஏ என்ற 15 அங்குல டிரைவரைப் போட்டு ஓபன் பேஃபிள் (பெட்டி இல்லாமல் வெறும் பலகையில் மாட்டும் ஸ்பீக்கர்) செய்வதா, ரெடிமேடாக எடுப்பதா? தெரிந்தவர் ஒருவர் பழைய குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் (கோனுக்குப் பதில் மின்னேற்றிய மெல்லிய படலம் ஆடும் ஸ்பீக்கர்) ஜோடி ஒன்றும் தருகிறேன் என்கிறார்.

சைன்வேவ்

ஸ்பீக்கர் பேச்சுக்கு முன்னால் அறைக் கணக்கு. 14 அடி என்றால் 4.27 மீட்டர். உங்கள் ஊர்க் குளிருக்கு ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ். இதுதான் முதல் மோடு, எதிரெதிர்ச் சுவருக்கு நடுவில் ஒலி நின்று பெருகும் அதிர்வெண். அறை சதுரம், ஆகவே நீளவாக்கிலும் 40, அகலவாக்கிலும் 40. அடுத்த மோடு இரண்டுக்கும் 80. 10 அடி உயரத்துக்கு 56. நீளமும் அகலமும் சேர்ந்து உண்டாக்கும் குறுக்கு மோடு 40 பெருக்கல் 1.414, அதுவும் 56-லேயே வந்து விழுகிறது. 40, 56, 80 என்று மூன்று இடத்திலும் இரண்டிரண்டாக அடுக்கியிருக்கிறது. கல் சுவர் பேஸை உள்ளேயே திருப்பி அனுப்பும். சீலிங் மட்டும் பலகையும் தகரமும் ஆனதால் கொஞ்சம் கசியும். அது உங்களுக்கு லாபம்.

ஓபன் பேஃபிள் ஒரு டைபோல். அது இங்கே எப்படி உதவுகிறது என்றால், முன்னாலும் பின்னாலும் ஒலி போகிறது, பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேலும் கீழும் அப்படியே. ஸ்பீக்கர் பார்க்கும் திசைக்குக் குறுக்கே இருக்கும் மோடுகளை அது அதிகம் கிளப்பாது. உயர மோடு 56 போயிற்று. அகலவாக்கு 40, 80 இரண்டும் போயிற்று. குறுக்கு மோடு 56, இடது வலது இரண்டும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருந்து பேஸ் மோனோவாக வந்தால் தானே அழியும். நடுக்கோட்டில் உட்காருபவருக்கு அது எப்படியும் கேட்காது. மிச்சம் இருப்பது நீளவாக்கு 40, 80 இரண்டுதான்.

பெட்டி ஸ்பீக்கர் எல்லாத் திசையிலும் பேஸைத் தள்ளுவதால் ஆறையும் கிளப்புகிறது. உங்கள் “முட்டும் ஸ்வரம்” 56-ஆ 80-ஆ என்று அறையின் ஒலியை அளக்கும் ஆர்ஈடபிள்யூ மென்பொருளில் ஒரு ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை ஏறும் சோதனை ஒலி) எடுத்தால் தெரிந்துவிடும்.

பலகைக்காரர்

ரெண்டு கேள்வி சார். ஜன்னலிலிருந்து ஸ்பீக்கரை நாலு அடி முன்னால் இழுத்து நிறுத்த வீட்டில் சம்மதிப்பார்களா? நிரந்தரமாக அங்கேயே நிற்குமா, விருந்தாளி வந்தால் சுவரோடு தள்ளிவிடுவீர்களா? இரண்டாவதுதான் நடக்கும் என்றால் ஓபன் பேஃபிள் வேண்டாம், சீல்டு பாக்ஸ் (முழுக்க மூடிய பெட்டி) வாங்கிவிடுங்கள்.

தகரக்கூரை

நாலு அடி நிற்கும். அந்தப் பக்கம் வழி இல்லை.

சைன்வேவ்

அப்படியானால் மேலே போகலாம். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் லிங்க்விட்ஸ் தன் டைபோல்களுக்குச் சொல்லி வந்தது பின் சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர். பின்னால் போய்த் திரும்பும் ஒலி 6 மில்லிசெகண்ட் தாமதமாவது வர வேண்டும் என்பதற்காக. நாலு அடிக்கு அது 7-ஐத் தாண்டும்.

இடக்கணக்கு இப்படி. பேஃபிள் ஜன்னலிலிருந்து 4 அடி. நாற்காலியில் காது தெற்குச் சுவரிலிருந்து மூன்றரை அடி. இடைவெளி ஆறரை அடி, ஏறக்குறைய 2 மீட்டர். கிட்டே என்று தோன்றும். டைபோலுக்கு இது போதும். மூன்றரை அடி ஏன் என்றால், அது 14 அடியில் கால் பங்கு, நீளவாக்கு 80-இன் அழுத்தம் பூஜ்யமாகும் இடம். அங்கே உட்கார்ந்தால் 80 உங்களை விட்டுவிடும். 40 ஒன்றுதான் பாக்கி. அதை டிஎஸ்பியில் (ஒலியை எண்முறையில் திருத்தும் கருவி) ஒரு கட் போட்டு அடக்கலாம்.

ஒரு பள்ளம் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டைபோலின் பின் அலை தலைகீழ். அது 4 அடி போய் 4 அடி திரும்பி 2.44 மீட்டர் கூடுதலாக நடந்து வருகிறது. அந்தத் தூரம் ஒரு முழு அலைநீளமாகும் 139 ஹெர்ட்ஸில் முன் அலையோடு மோதிக் குறையும். ஸ்வீப்பில் 140 பக்கம் குழி தெரிந்தால் பதறி பூஸ்ட் போடாதீர்கள். எவ்வளவு போட்டாலும் பின் அலையும் சேர்ந்து ஏறும், குழி அப்படியே இருக்கும், ஆம்ப்தான் சூடாகும். அரையடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி அந்த அதிர்வெண்ணில் ஒரு பங்கை விட்டுவிடும் என்பதால் கல் சுவர் அளவுக்கு ஆழமாக இருக்காது.

மூடுபனி கோடை

கொடைக்கானலிலிருந்து. குவாட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. வேண்டாம். எலக்ட்ரோஸ்டாட்டிக்கும் டைபோல்தான், அறைக்கு அதே நன்மைதான். ஆனால் அது உயிர்வாழ்வது பல ஆயிரம் வோல்ட்டில். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பேனலில் படிந்த தூசி நனைந்து சார்ஜ் கசியும், ஒரு பக்கம் ஒலி இறங்கும், டிக் டிக் என்று சத்தம் வரும். ஈரத்தோடு உயரமும் சேர்கிறது. காற்றழுத்தம் குறைந்தால் காற்றில் பொறி தாவத் தேவையான வோல்ட்டும் குறையும். குன்னூர் 1850 மீட்டர். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் தாங்கிய பழைய பேனல் இங்கே பொறி விடலாம்.

அதே காரணத்தால் இன்னொன்று. காற்றடர்த்தி குறைந்த இடத்தில் கோன் அதே தூரம் ஆடினாலும் ஒலி அழுத்தம் குறையும். குன்னூருக்கு ஏறக்குறைய ஒன்றரை டெசிபல், ஊட்டிக்கு இரண்டு. கோனோடு ஒட்டி ஆடும் காற்றின் எடையும் குறைவதால் 15 அங்குலத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஓபன் பேஃபிளில் பேஸுக்கு ஏற்கனவே கோன் ஆட்டம்தான் பற்றாக்குறை. ஆகவே மலையில் 12 அங்குலத்தோடு நிறுத்த நினைப்பவர் 15-க்குப் போவது நல்லது. ஆல்ஃபாவின் டேட்டா ஷீட்டில் உள்ள 97 டெசிபலை அப்படியே நம்பி ஆம்பை எடை போடாதீர்கள்.

எட்டங்குலம்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஓபன் பேஃபிள் என்றதும் எல்லோரும் 40-க்குக் கீழே என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அறையின் முதல் மோடுக்குக் கீழே டைபோல் அறையை அழுத்தவே அழுத்தாது, உண்மை. அதற்கு இரண்டு சீல்டு சப் (சப்வூஃபர்) போதும். வடக்குச் சுவர் நடுவில் ஒன்று, தெற்குச் சுவர் நடுவில் ஒன்று, ஒரே ஃபேஸில், அதாவது இரண்டு கோனும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் ஆடும்படி. நீளவாக்கு 40-ஐ இரண்டும் எதிரெதிரே இருந்து அழிக்கும். அகலவாக்கு 40-க்கு இரண்டுமே பூஜ்ய இடத்தில் இருக்கின்றன. கிழக்கு மேற்கும் இதே பலன்தான், ஆனால் அங்கே ஃபயர்பிளேஸ் குறுக்கே நிற்கிறது. 50-இல் 24 டெசிபல் சரிவோடு வெட்டிவிட்டால் பின்னால் இருப்பது தனியாகக் காதில் விழாது.

சைன்வேவ்

தப்பில்லை. ஆனால் இவர் கேட்பது கச்சேரி. ஒரு கட்டை சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ் பக்கம். மிருதங்கத் தொப்பியின் கும்கியும் 40-க்கு வெகு மேலே. பெண் குரல் ஐந்து கட்டை என்றால் மந்தர ஷட்ஜமே 98. பழைய சினிமாப் பாட்டில் 50-க்குக் கீழே இருப்பது பெரும்பாலும் தட்டின் உறுமல்தான். முதல் வருஷம் சப் வாங்க வேண்டாம் என்பேன். 45 வரை நேராக வந்தால் போதும். அதற்கு 15 அங்குலம் பக்கத்துக்கு ஒன்று தாங்கும்.

எட்டங்குலம்

ஆர்கனும் சிந்தசைசரும் கேட்காதவருக்குச் சரி.

பலகைக்காரர்

டிரைவருக்கு வருவோம். ஆல்ஃபா 15ஏ-யை எல்லோரும் ஓபன் பேஃபிளுக்குச் சொல்வதற்குக் காரணம் அதன் க்யூடிஎஸ் (ஒத்ததிர்வில் கோன் எவ்வளவு தளர்வாக ஆடும் என்பதைச் சொல்லும் எண்) 1.26. பெட்டிக்கு உதவாத டிரைவர் அது. ஒத்ததிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் தானாகவே 2 டெசிபல் தூக்கும். பேஃபிளில் பேஸ் ஸ்தாயிக்கு 6 டெசிபல் விழும்போது அந்த 2 பெரிய உதவி. 0.3, 0.4 க்யூடிஎஸ் உள்ள மேடை டிரைவரை, காந்தம் பெரிசு என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள்; ஓபன் பேஃபிளில் பேஸ் இல்லை என்று பிறகு திட்டுகிறார்கள். டிஎஸ்பி இல்லாமல் செய்தால் க்யூடிஎஸ் 0.7-க்குக் குறையாமல் பாருங்கள். டிஎஸ்பி இருந்தால் இந்தக் கட்டாயம் தளரும்.

கோன் பேப்பர், பரவாயில்லை. ஃபோம் சரவுண்ட் போட்ட பழைய டிரைவர் எதையும் மலைக்கு ஏற்றாதீர்கள், பொடிந்துவிடும். மேலே 8 அங்குல ஃபுல்ரேஞ்ச், 93 டெசிபலுக்குக் குறையாதது.

பேஃபிள் 18 மி.மீ. மரைன் ப்ளை. 500 அகலம், 1100 உயரம். 15 அங்குலத்தின் மையம் தரையிலிருந்து 300-இல், எட்டின் மையம் காது உயரத்தில், 900 பக்கம். எட்டை நடுவில் வைக்காமல் 40 மி.மீ. பக்கவாட்டில் தள்ளி வையுங்கள், இடது வலது கண்ணாடிப் பிம்பமாக. நடுவில் வைத்தால் இரு விளிம்பும் சம தூரம், ஒரே அதிர்வெண்ணில் மேடும் குழியும் கூர்மையாக வரும். கீழே 700 உயரத்துக்கு இரு பக்கமும் 240 ஆழத்தில் இறக்கை.

சைன்வேவ்

இறக்கை தேவைதான், கணக்கு இதோ. முன்னும் பின்னும் ஒலி சுற்றி வரும் தூரம் இறக்கை இல்லாமல் 25 செ.மீ. என்றால், வேகத்தை அதால் வகுத்து 0.17-ஆல் பெருக்க 230 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பேஸ் இறங்க ஆரம்பிக்கும். 40-இல் 15 டெசிபல் பள்ளம். இறக்கை வைத்தால் தூரம் 42 செ.மீ. ஆகும், இறக்கம் 138-இல் தொடங்கும், 40-இல் பள்ளம் 11. டிரைவரின் 2 கழித்தால் டிஎஸ்பி தர வேண்டியது 9. அதாவது எட்டு மடங்கு வாட். இறக்கை இல்லாவிட்டால் 15-இல் 2 கழித்து 13, அது இருபது மடங்கு.

ஆனால் இறக்கைக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு ஊளை உண்டு. 240 ஆழத்துக்கு அது 230, 240 ஹெர்ட்ஸ் பக்கம் எழும். 15 அங்குலத்தை 150-இல் 24 டெசிபல் சரிவில் வெட்டுங்கள். அப்படியும் குறட்டை மாதிரி ஒரு கனம் ஆண் குரலில் தெரிந்தால் அளந்து அந்த இடத்தில் மட்டும் 4, 5 டெசிபல் நாட்ச் (குறுகிய வெட்டு). இறக்கைகளை இணையாக வைக்காமல் பின்னால் 10 டிகிரி விரித்தாலும் ஊளை மழுங்கும்.

எட்டங்குலம்

மேல் பகுதியையும் 500 அகலத்திலேயே விடுவது எனக்கு ஒப்பவில்லை. லிங்க்விட்ஸின் எல்எக்ஸ்521 ஸ்பீக்கரில் மேலே பலகை குறுகுவது அழகுக்காக இல்லை. அகலப் பலகையில் எட்டு அங்குல டிரைவர் ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸிலேயே டைபோல் வடிவத்தை இழக்கும், பக்கவாட்டில் ஒலி பரவும். மேல் 400-ஐ 300 அகலமாகக் குறுக்குங்கள்.

சைன்வேவ்

குறுக்கினால் எட்டின் இறக்கம் 340 ஹெர்ட்ஸிலேயே ஆரம்பிக்கும். இரண்டு டிரைவரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கிராஸோவரை 250 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேண்டும். அங்கேதான் இறக்கை ஊளை உட்கார்ந்திருக்கிறது. 380 மி.மீ. அகலம் வைத்தால் இரண்டு பக்கமும் பாதி பாதி சமாதானம். பக்கச் சுவர் கல் என்பதால் பக்கவாட்டுப் பரவலுக்கு உங்கள் வாதம் பொருந்தும், 380-க்கு ஒத்துக்கொள்கிறேன்.

தகரக்கூரை

நான் 380-க்கே போகிறேன். மூன்று கேள்வி. பலகைத் தரை ஆடாதா? ஆம்ப் எவ்வளவு? கண்ணாடிக்குத் திரை போட வேண்டுமா?

பலகைக்காரர்

தரை ஆடும். பெட்டி இல்லாத பேஃபிளில் 15 அங்குலக் கோன் முன்னால் போனால் பலகை பின்னால் சாயும். கால் குறுகலாக இருந்தால் முழு பேஃபிளும் தலையாட்டும், எட்டு அங்குலமும் கூடவே ஆடி குரல் மங்கும். அடித்தட்டு 600க்கு 450 வையுங்கள், 450 ஆழவாக்கில். காந்தத்தின் அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து அடித்தட்டோடு இறுக்குங்கள். காந்தத்துக்கும் கட்டைக்கும் நடுவில் 3 மி.மீ. ரப்பர். அடித்தட்டின் கீழ் அதே அளவில் 40 மி.மீ. கடப்பா கல், ஒவ்வொன்றும் 29 கிலோ வரும். கல்லைப் பலகையின் போக்கிலேயே ஒரே பலகை மேல் போடாமல், அடியில் ஓடும் உத்திரங்கள் இரண்டின் மேல் பாரம் இறங்கும்படி போடுங்கள். ஆணித் தலை வரிசையைப் பார்த்தால் உத்திரம் எங்கே என்று தெரியும்.

டிரைவரை மரத் திருகாணியில் மாட்டாதீர்கள். ப்ளை ஈரத்தில் பொதும்பி, கழற்றி மாட்டும் இரண்டாம் தடவையே பிடி விடும். எட்டு டி-நட் (பலகையில் பதியும் உலோக மரை), ஸ்டெயின்லெஸ் போல்ட். வெட்டின விளிம்பு எல்லாவற்றுக்கும், ஓட்டையின் உள்விளிம்புக்கும், சீலர் இரண்டு கை, மேலே பியூ (பாலியூரிதேன்) பூச்சு. முகத்தை மட்டும் பாலிஷ் போட்டு விளிம்பை விட்டுவிடுவதுதான் ஆசாரிகளின் வழக்கம். பலகை வளைவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

சைன்வேவ்

ஆம்ப்: 15-க்கு பக்கத்துக்கு 100 வாட் கிளாஸ் டி, டிபிஏ3255 சிப் வைத்த போர்டு போதும். எட்டுக்கு 20, 30 வாட் நல்லதாக ஒன்று. டிஎஸ்பிக்கு மினிடிஎஸ்பி 2x4 எச்டி, அதில் நாலு அவுட்புட். இரு பக்கம் இரு வழிக்கு அளவெடுத்தது போல் பொருந்தும்.

அமைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஸ்பீக்கரை வெளியே புல்வெளிக்கு எடுத்துப் போங்கள், காற்றில்லாத காலையில். மைக்கைத் தரையிலேயே 2 மீட்டர் தள்ளிப் படுக்க வைத்து 15-ஐ அளந்து, 138-க்குக் கீழ் விழுவதை லோ ஷெல்ஃப் (கீழ்ப்பகுதியைத் தூக்கும் திருத்தம்) போட்டு 45 வரை நேராக்குங்கள். 35-இல் 24 டெசிபல் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது) கட்டாயம். டைபோலில் ஒரு ஸ்தாயி இறங்கினால் அதே ஒலிக்கு கோன் எட்டு மடங்கு ஆட வேண்டும். ஆல்ஃபாவின் எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கம் ஒழுங்காக ஆடக்கூடிய தூரம்) 3.8 மி.மீ.தான். ரெக்கார்டு ப்ளேயர் வைத்திருப்பவர் ஹை பாஸ் போடாவிட்டால் வளைந்த தட்டு ஒன்றே கோனைப் பிதுக்கிவிடும். பிறகு எட்டை 1 மீட்டரில் அளந்து சரி செய்து, 150-இல் சேருங்கள். இதெல்லாம் முடிந்தபின்தான் அறைக்குள். அறையில் 200-க்குக் கீழே மட்டும் கை வையுங்கள், கட் மட்டும். 40-இல் ஒன்று தேவைப்படும். 200-க்கு மேலே அறையில் எடுத்த கிராஃபைப் பார்த்து நேராக்கினால் குரல் செத்துவிடும்.

மூடுபனி கோடை

திரைக்கு நான். மெல்லிய திரை 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் உறிஞ்சும், பின் அலையின் நடுப்பகுதி கண்ணாடியில் பட்டு அப்படியே வரும். கனமான துணி, ஜன்னல் அகலத்துக்கு இரு மடங்கு மடிப்பு, கண்ணாடியிலிருந்து 15 செ.மீ. தள்ளி. ஒட்டித் தொங்கவிட்டால் கண்ணாடியில் வேர்க்கும் நீர் துணியில் ஏறி பூஞ்சை பிடிக்கும். திரையையும் முழுக்க இழுத்து மூடாதீர்கள்; ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் மட்டும் மூடி, நடுவில் ஜன்னலின் கீழ் புத்தக அலமாரி இருந்தால் போதும். பின் ஒலி முழுக்க உறிஞ்சப்பட்டால் ஓபன் பேஃபிளின் விரிவு போய்விடும்.

டோ-இன் (ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்புவது) 30 டிகிரிக்குக் குறையாமல். பலகையின் விளிம்பை நீட்டிப் பார்த்தால் அந்தக் கோடு பக்கச் சுவரில் எங்கே முட்டுகிறதோ அங்கே ஸ்பீக்கரின் ஒலி மிகக் குறைவு. கிழக்கு ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பி அந்தக் கோட்டை ஃபயர்பிளேஸ் பக்கம் கொண்டு வந்தால், மேற்குச் சுவர் வெறுமை, கிழக்கில் மேன்டல் என்ற ஏற்றத்தாழ்வு பாதி மறையும். திருப்பினால் அகலவாக்கு 40 மறுபடி எழாதா என்று கேட்பீர்கள். இரண்டும் எதிரெதிராகத் திரும்புவதால் மோனோ பேஸில் அது அழிந்துவிடும்.

டிரைவரின் பின்புறத்துக்கு மெல்லிய கிரில் துணி கட்டுங்கள். பெட்டி இல்லாததால் மலை விட்டில் பூச்சியும் தூசியும் நேரே கோனைத் தாங்கும் ஸ்பைடரில் போய் உட்காரும். ஃபயர்பிளேஸில் தீ போடும் நாளில் கோன் ஒரு பக்கம் காயக் கூடாது, 5 அடி இடைவெளி விடுங்கள். இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிப் போனால் போல் பீஸ் (காந்தத்தின் நடு இரும்பு) துருப்பிடித்துக் காயில் உரசும் ஆபத்து உண்டு, உலர்ந்த அறையில் வைத்துவிட்டுப் போங்கள். இடி நாளில் பிளக்கைக் கழற்றுவது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தகரக்கூரை

மழை?

எட்டங்குலம்

தகரத்தில் மழை கொட்டும்போது எந்த ஸ்பீக்கரும் ஜெயிக்காது சார். சீலிங் பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் 50 மி.மீ. ராக்வூல் பரப்பினால் சத்தம் கணிசமாக இறங்கும், சீலிங்கின் கசிவும் நல்ல விதமாக மாறும். அது செய்யும்போதே ஷீட்டின் ஜே போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள். வாஷர் உலர்ந்து தளர்ந்திருந்தால் 60, 70 ஹெர்ட்ஸில் கூரை கூடவே பாடும். அளவெடுக்கும் முன் சைன் டோனை 30-லிருந்து 200 வரை மெல்ல ஏற்றி, ஒருவர் அறையைச் சுற்றி நடந்தால் ஜன்னல் மக்கு உதிர்ந்த கண்ணாடி, ஃபயர்பிளேஸ் இரும்புத் தட்டு, கதவுத் தாழ் எல்லாம் அகப்படும். அவற்றை அடக்காமல் எடுத்த கிராஃப் குப்பை.

தகரக்கூரை

சரி, ஆசாரியிடம் கொடுக்க வேண்டும். ஒரு ஷீட் போதுமா?

பலகைக்காரர்

8க்கு 4 ஒன்று போதும், இரு பக்கத்துக்கும் சேர்த்து. 2440 நீளத்தில் 500 அகலப் பட்டை ஒன்று கிழித்து அதில் 1100 பேஃபிள் இரண்டு. மிச்சம் 716 அகலம் நிற்கும். அதில் இடது பக்கம் 600க்கு 450 அடித்தட்டு இரண்டு, வலது பக்கம் 240க்கு 700 இறக்கை நாலு, நிமிர்த்தி அடுத்தடுத்து. அடித்தட்டுக்கு மேலே மிஞ்சும் 1200க்கு 260 துண்டில் முட்டுக்கொடுக்கும் முக்கோணங்கள். ரம்ப வாய்க்கு வெட்டுக்கு 4 மி.மீ. விட்டிருக்கிறேன். இறக்கையில் மட்டும் மரவரி குறுக்கே வரும்; வெனீர் தெரியும்படி பாலிஷ் போடுவதானால் கண்ணை உறுத்தும், பெயின்ட் என்றால் கவலையில்லை.

15-இன் ஓட்டை 353 மி.மீ. பக்கம். அதை ஆசாரியிடம் எண்ணாகச் சொல்லாதீர்கள். டிரைவர் கைக்கு வந்தபின் அதையே கொண்டுபோய் வைத்து அளந்து வெட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் ஓட்டையின் விளிம்பை 45 டிகிரியில் சரித்துவிடச் சொல்லுங்கள். எட்டுக்கு அது ரொம்ப அவசியம்; 18 மி.மீ. குழாய்க்குள்ளிருந்து கோன் மூச்சு விடுகிற மாதிரி இருக்கக் கூடாது.